மேலூர் பூங்காவுக்குக் காலையிலேயே போங்கள்

திருச்சியில் பிள்ளைகளை ஒரு நாள் வெளியே அழைத்துப்போக நினைக்கிறீர்களா? ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே 25 ஏக்கரில் வனத்துறையின் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. 2015-ல் திறக்கப்பட்டது. ஊஞ்சல், சறுக்குமரம் எல்லாம் உண்டு. ஆனால் பார்க்க வேண்டியது செடிகளைத்தான்.

எருக்கஞ்செடி கண்ணில் பட்டால் நின்றுவிடுங்கள். இலையைப் புரட்டாமல், குனிந்து அதன் அடிப்புறத்தைப் பாருங்கள். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகளோடு ஒரு புழு மேய்ந்துகொண்டிருக்கலாம். அதுதான் வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சியின் குழந்தைப் பருவம். எருக்கம்பாலின் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதை ஒதுக்கிவிடும். தாய்ப்பூச்சி காலால் இலையைச் சுவைத்துப் பார்த்தே முட்டையிடுகிறது. இதைச் சொன்னால் எந்தப் பிள்ளையும் அசந்துபோகும்!

இறக்கையில் வெயில் பட்டுச் சூடேறினால்தான் வண்ணத்துப்பூச்சி பறக்கும். அதனால் வெயில் ஏறத் தொடங்கும் காலை நேரமே நல்லது. உச்சிவெயிலில் அவை நிழலுக்குள் ஒதுங்கிவிடும், பிள்ளைகளும் வாடிப்போவார்கள். மழைக்காலத்தை ஒட்டிய மாதங்களில் இன்னும் நிறையப் பார்க்கலாம். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை.

ஒரே ஒரு வேண்டுகோள். பூச்சியைப் பிடிக்க விடாதீர்கள். விரலில் ஒட்டும் அந்த வண்ணப்பொடி அதன் இறக்கைச் செதில். உதிர்ந்தால் மறுபடி முளைக்காது.