எடை குறைந்தால்தான் இறக்கை எழும்பும்!

ஆகாய விமானம் என்றதும் எண்ணெயும் புகையும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால், 2023 ஜனவரி 19ஆம் நாள் இங்கிலாந்தில் ஒரு விந்தை நடந்தது. ஜீரோஏவியா என்னும் நிறுவனம், 19 பேர் செல்லக்கூடிய டோர்னியர் 228 விமானத்தின் இடப்பக்க விசிறியை மின்சாரத்தால் சுழல வைத்து, 10 நிமிடம் பறக்க விட்டது. வலப்பக்கத்தில் வழக்கமான எஞ்சின்தான்.

அந்த மின்சாரத்தைத் தந்தவை எரிபொருள் கலங்களும் பேட்டரிகளும். எரிபொருள் கலத்தில் ஹைட்ரஜனும் காற்றிலுள்ள பிராணவாயுவும் சேரும்போது மின்சாரம் பிறக்கிறது. மிஞ்சுவது தண்ணீரும் வெப்பமுமே. புகை இல்லை.

இதில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு கலம் வேலை செய்யும்போது தருவது சுமார் 0.7 வோல்ட்தான். டார்ச்லைட் பேட்டரியில் பாதிகூட இல்லை! ஆகவே நூற்றுக்கணக்கில் அடுக்குகிறார்கள். அப்படியும், விமானம் மேலெழும்ப மின்சாரத்தை அதிகமாக இழுத்தால் வோல்ட் இறங்கிவிடும். ஜெனரேட்டரில் பாரம் ஏறியதும் வீட்டு விளக்குகள் மங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்களே, அதைப் போலத்தான். இறங்கிய வோல்ட்டை உயர்த்தி, ஒரே சீராக மோட்டாருக்குக் கொடுக்கும் கருவியே கன்வெர்ட்டர்.

கருவி கனத்தால் விமானத்துக்கு ஆகாது. கனத்தை எப்படிக் குறைப்பது? தொட்டியை நிரப்பக் குடத்தில் பத்து நடை நடக்கலாம். குவளையில் நூறு நடை ஓடலாம். ஓட்டம் விரைவாக இருந்தால் குவளையே போதும். கன்வெர்ட்டருக்குள் உள்ள கம்பிச்சுருள்தான் அந்தப் பாத்திரம். சுவிட்சு வினாடிக்கு லட்சம் தடவை திறந்து மூடினால், சின்னஞ்சிறு சுருளே போதும்.

ஆனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சூடு பிறக்கும். 600 கிலோவாட்டில் நூற்றுக்கு இரண்டு பங்கு வீணானால் 12 கிலோவாட். பன்னிரண்டு இஸ்திரிப் பெட்டிகளின் சூடு! அதைத் தணிக்கும் சாதனமும் எடைதானே? உயரத்தில் காற்று மெலிவதால் சூடு எளிதில் ஆறாது. மின்பொறியும் சுலபமாகத் தாவும். ஆகவேதான் சூட்டைக் குறைவாக எழுப்பும் சிலிக்கன் கார்பைட் சுவிட்சுகளைப் பொறியாளர்கள் நாடுகிறார்கள்.

அந்தச் சோதனையில் ஹைட்ரஜன் தொட்டிகளும் எரிபொருள் கலங்களும் பயணிகள் அறைக்குள்ளேயே இருந்தன. அங்கே மறுபடியும் மனிதர்கள் உட்கார வேண்டுமானால், தொட்டி, கலம், கன்வெர்ட்டர் எல்லாமே இளைக்க வேண்டும். ஒரு கிலோ குறைந்தாலும் அது லாபமே!