காரணம் தெரியாத வலி

தலைவலி. நெஞ்சுப் படபடப்பு. வயிற்று வலி. உடம்பெல்லாம் அசதி. இப்படிச் சிலர் மாதக் கணக்கில் துன்பப்படுகிறார்கள். மருத்துவரிடம் போகிறார்கள். இரத்தம் சோதிக்கிறார்கள். எக்ஸ்ரே எடுக்கிறார்கள். எதிலும் குறை தெரியவில்லை. ஆனால் வலி போகவில்லை.

வீட்டில் என்ன சொல்கிறார்கள்? "வேலை செய்யப் பயந்து நடிக்கிறாள்" என்கிறார்கள். சிலர் பேய் பிடித்தது என்று மந்திரிக்கப் போகிறார்கள். சிலர் கடன் வாங்கி ஊர் ஊராக மருத்துவம் பார்க்கிறார்கள்.

இந்த வலி நடிப்பு அல்ல. பேயும் அல்ல. பிறகு எப்படி வருகிறது?

இருட்டில் தனியாக நடக்கிறோம். புதரில் ஏதோ சரசரக்கிறது. பாம்போ என்று பயப்படுகிறோம். உடனே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. வாய் உலர்கிறது. உடம்பு வியர்க்கிறது. பாம்பு நம்மைத் தொடவே இல்லை. பயம் வந்தது மனதில். மாறியது உடம்பு. பயம் வந்ததும் அட்ரினலின் என்ற சுரப்பு இரத்தத்தில் கலக்கிறது. அதுதான் இதயத்தை வேகமாக ஓட்டுகிறது.

பயம் நீங்கினால் உடம்பு பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் கடன் கவலை? கணவனின் குடி? பிள்ளையை இழந்த துக்கம்? வெளியே சொல்ல முடியாத கோபம்? இவை இரவும் பகலும் கூடவே இருக்கின்றன. அதனால் கழுத்துத் தசை இறுகுகிறது, தலை வலிக்கிறது. குடலின் இயக்கம் மாறுகிறது, வயிறு வலிக்கிறது. தூக்கம் கெடுகிறது, வலி இன்னும் கூடுகிறது. இவை எக்ஸ்ரேயில் தெரியாது. ஆனாலும் வலி உண்மை.

ஒன்றை மறக்கக் கூடாது. எல்லா வலிக்கும் மனமே காரணம் என்று நாமே முடிவு செய்யக் கூடாது. இரத்தசோகையாலும் அசதி வரும். தைராய்டு கோளாறாலும் படபடப்பு வரும். முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உடம்பு வலியோடு மனக் கவலையையும் அவரிடம் சொல்ல வேண்டும்.

இதற்குப் பெரிய நகரத்துக்குத்தான் போக வேண்டுமா? இல்லை. 1980களில் பெங்களூர் நிமான்ஸ் நிறுவனம் கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் ஒரு முயற்சி செய்தது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் ஊழியர்களுக்கும் மனநலப் பயிற்சி தந்தது. அதை முன்மாதிரியாக வைத்து 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியது.

2022இல் மத்திய அரசு டெலி மானஸ் என்ற தொலைபேசி சேவையைத் தொடங்கியது. எண் 14416. கட்டணம் இல்லை. இரவிலும் பேசலாம். தமிழிலும் பேசலாம்.

நம்பிக்கையானவரிடம் மனம் விட்டுப் பேசுங்கள். தினமும் சிறிது தூரம் நடங்கள். நேரத்தில் தூங்குங்கள். வீட்டில் ஒருவர் வலி என்று சொன்னால் "நடிக்கிறாயா?" என்று கேட்காதீர்கள். "மனதில் என்ன கவலை?" என்று கேளுங்கள். பொறுமையாகக் காது கொடுங்கள். மருத்துவரிடம் கூடவே போங்கள்.