தகாலோக் மொழிக்குச் செவியைப் பழக்குதல்

மருத்துவம் பயிலப் பிலிப்பைன்ஸ் நாட்டுக்குச் செல்லும் இந்திய மாணவர் பலர். வெளிமாநிலங்களில் வாழும் நம் நேயர்களின் இல்லங்களிலும் அத்தகையோர் இருக்கக்கூடும். வகுப்பறையில் ஆங்கிலம் போதும். நோயாளியின் படுக்கையருகே அது போதாது. “மசகித் அங் தியான் கோ” என்று ஒரு மூதாட்டி முனகினால், அவருக்கு வயிறு வலிக்கிறது என்பதை மாணவரின் செவியே அறிந்தாக வேண்டும்.

அந்நாட்டுத் தேசிய மொழிக்குத் தகாலோக்கே அடிப்படையென 1937-இல் அறிவிக்கப்பட்டது. 1987-ஆம் ஆண்டு அரசியலமைப்பு அம்மொழியை ‘ஃபிலிப்பினோ’ என்று குறிக்கிறது. ரோமன் எழுத்தில் எழுதப்படுவதால், ஏட்டைக் கொண்டே கற்றுவிடலாம் என்று தோன்றும். அதை நம்பலாகாது. ஒரு சொல்லின் முதலசையை நீட்டிப் ‘பாஸா’ என்றால் படித்தல். இறுதியசையை அழுத்தித் தொண்டையில் மூச்சைச் சட்டென நிறுத்தினால் அதுவே ‘நனைந்த’ எனப் பொருள்படும். அச்சிலோ இரண்டுக்கும் அதே நான்கு எழுத்துகள்தாம். ஒலியில் நமக்கு ஒரு சலுகையும் உண்டு: அரிச்சுவடியோடு நாம் கைவிட்ட ‘ங’ அங்கே சொல்லின் முதலிலேயே வரும். பல்லுக்கு ‘ஙிபின்’ என்று பெயர்.

எதைக் கேட்பது? தொடக்க நிலையினர் பலரும் நேரே செய்திக்கோ திரைப்படத்துக்கோ தாவுகின்றனர். செய்தியில் பேச்சு விரைவு; அன்றாட உரையாடலிலோ ஆங்கிலம் மிகுதியாகக் கலந்து வரும். 1939 முதல் ஒலிபரப்பாகும் மணிலாவின் டி.இஸட்.ஆர்.எச். நிலையத்தை இன்று இணையத்திலும் கேட்கலாம். ஆனால் அது ஆறு மாதப் பயிற்சிக்குப் பிறகு ஆகட்டும். 1980-களில் தொடங்கிய ‘பாதிபோட்’ என்னும் சிறுவர் நிகழ்ச்சியின் பழைய பகுதிகள் கிடைக்குமாயின் அவை நன்று. தன்னார்வலர் படித்துப் பதிவு செய்த பழைய நூல்கள் லிப்ரிவாக்ஸ் தளத்தில் உள்ளன. அவற்றின் நடை புதியவருக்குக் கடினம்.

நாம் முதன்மையாகப் பரிந்துரைப்பது வானிலை அறிக்கையையே. அந்நாட்டு அரசின் ‘பகாசா’ வானிலை நிறுவனம் தன் முன்னறிவிப்புகளை யூடியூபில் நாள்தோறும் ஃபிலிப்பினோவில் வெளியிடுகிறது. மழைக்கு ‘உலான்’, காற்றுக்கு ‘ஹாஙின்’, புயலுக்குப் ‘பக்யோ’. இவையே மீண்டும் மீண்டும் வரும். தென்மேற்குப் பருவக்காற்று ‘ஹபாகாத்’, வடகிழக்குப் பருவக்காற்று ‘அமீஹான்’. இரண்டையும் அறிந்து வளர்ந்த நமக்குப் பொருள் பாதி முன்னரே விளங்கிவிடும். வரைபடமும் கண்முன் நிற்கும். அறிக்கையில் இரண்டு நிமிடப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, முதலில் எதையும் எழுதாமல் இருமுறை கேட்க வேண்டும். மூன்றாம் முறை, செவியில் பட்ட சொற்களைக் குறித்துக்கொண்டு, அறிவிப்பாளரோடு கூடவே உரக்கச் சொல்ல வேண்டும். மறுநாள் புதிய அறிக்கையில் அச்சொற்கள் தாமே வந்து நிற்கும்.

செல்லும் ஊர் எதுவென்பதையும் முன்னரே கேட்டறிதல் நன்று. இந்திய மாணவர் மிகுந்துள்ள தாவாவோ நகரில் மக்கள் பெரிதும் பேசுவது செபுவானோ. தகாலோக் அங்கும் புரியும். எனினும் மூதாட்டியின் முனகலைச் செபுவானோவிலும் கேட்டுப் பழக வேண்டியிருக்கும்.