நாய் அழுகிறதா?

வெள்ளை நாய், வெள்ளைப் பூனை இருக்கிற வீடுகளில் கவனித்திருப்பீர்கள். கண்ணின் உள்முனையிலிருந்து மூக்கு ஓரமாக, டீ வழிந்து காய்ந்த மாதிரி ஒரு பழுப்புக் கோடு இறங்கியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவில் பெரியவங்க, "நாய் அழுவுது, வீட்டுக்கு ஆகாது" என்பார்கள். ராத்திரியில் ஊளையிட்டாலும் இதே பேச்சுதான். இதை நம்பி, நல்லா இருக்கிற நாயைக் கொண்டுபோய் ஏரிக்கரையில் விட்டுவிட்டு வந்தவர்களும் உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன். நாய் துக்கம் வந்தால் முனகும், சாப்பிடாமல் படுத்துக்கொள்ளும். நம்மைப்போல் கண்ணீர் விட்டு அழாது. கண்ணில் தண்ணீர் வழிந்தால் காரணம் அந்தக் கண்ணில்தான் இருக்கும்.

முதலில் நம் கண்ணையே பார்ப்போம். கையைக் கழுவிவிட்டு, கண்ணாடி முன்னால் நின்று கீழ் இமையை லேசாக இழுத்துப் பாருங்கள். மூக்குப் பக்கத்து முனையில் குண்டூசி குத்தியது போல ஒரு சின்ன ஓட்டை தெரியும். மேல் இமையிலும் ஒன்று உண்டு. கண்ணீர் நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கிறது. கண்ணை நனைத்துவிட்டு இந்த ஓட்டை வழியாக மூக்குக்குள் இறங்கிவிடுகிறது. அழும்போது மூக்கும் சேர்ந்து ஒழுகுகிறதே, அது இதனால்தான். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் கொஞ்ச நேரத்தில் தொண்டை கசப்பதும் இதே வழியில்தான்.

நாய்க்கும் பூனைக்கும் இதே அமைப்புதான். வாய்க்கால் அடைத்துக்கொண்டாலும் தண்ணீர் வரப்பு மீறும், மடையில் தண்ணீர் கூடிப்போனாலும் மீறும். கண்ணும் அப்படித்தான்.

சரி, கண்ணீருக்கு நிறமே கிடையாதே, கறை மட்டும் எப்படிப் பழுப்பானது? ரத்தச் சிவப்பணு மனிதனுக்குச் சுமார் 120 நாள் இருக்கும், பிறகு அழியும் என்று படித்திருக்கிறோம். நாய், பூனைக்கும் அணுக்கள் அழிந்து புதிதாக வரும். அப்படி அழியும்போது போர்பைரின் என்ற நிறப்பொருள் உண்டாகிறது. பெரும்பகுதி மலத்தோடு போய்விடும். மிச்சம் கண்ணீரிலும் எச்சிலிலும் வரும். முடியில் ஈரம் காய்ந்து, வெளிச்சம் படப்பட நிறம் கெட்டியாகும். ஓயாமல் காலை நக்குகிற வெள்ளை நாயின் பாதமும் இதனால்தான் பழுப்பாகிறது. கறுப்பு நாய்க்கும் அதே கண்ணீர்தான் வழியும். கறை தெரியாததால் அதை யாரும் ஆகாது என்று சொல்வதில்லை!

பக், பெர்ஷியன் பூனை மாதிரி சப்பை மூக்கு இனங்களுக்குக் கண் பிதுங்கி இருக்கும், கண்ணீர்க் குழாயும் நெளிந்து போயிருக்கும். அதனால் கறை அதிகம். நம் நாட்டு நாய்க்கு நீள மூக்கு, அந்தத் தொல்லை குறைவு. இது தவிர இமை உள்பக்கம் மடிந்திருக்கலாம், தூசி, அடுப்புப் புகை படலாம், மேல் பல்லின் வேரில் சீழ் கட்டியிருக்கலாம். எங்கள் தெருவில் ஒரு சடைநாயை விட்டுவிடப் பார்த்தார்கள். மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது டாக்டர், முகத்து முடி கண்ணில் குத்துவதைக் காட்டி அதைக் கத்தரித்துவிட்டார். தண்ணீர் வழிவது குறைந்தது. மாட்டாஸ்பத்திரியில் ஆடு மாடு மட்டும்தான் பார்ப்பார்கள் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நாய், பூனையையும் பார்ப்பார்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் கண்ணில் ஒரு சாயம் விட்டுச் சோதிப்பார்களாம். சில நிமிஷத்தில் மூக்கு ஓட்டையில் பச்சையாக வந்தால் குழாய் திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

வீட்டில் செய்வது சுலபம். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் பழைய வேட்டித் துணியை நனைத்து, கண்ணின் உள்முனையிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும். ஒரு கண்ணுக்கு ஒரு துணி. பிறகு உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், ஏனென்றால் ஈரம் நின்றால் பூஞ்சை வந்து தோல் புண்ணாகி நாறும். தினமும் 2 வேளை போதும். ஏற்கெனவே பழுப்பான முடி உடனே வெளுக்காது, புது முடி வளர்ந்துதான் மாறும். அவசரப்பட்டு சோப்பு, பிளீச்சிங் பவுடர், விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதையும் கண்ணில் விடாதீர்கள். நமக்குக் கொடுத்த சொட்டு மருந்தும் வேண்டாம். கண்ணில் கீறல் இருந்தால் சில மருந்து பார்வையையே கெடுத்துவிடும். கறை போக்குகிற பவுடர் என்று விற்றவற்றில் சிலவற்றில் டைலோசின் என்ற ஆன்டிபயாடிக் கலந்திருந்தது. அனுமதி இல்லாமல் விற்றதற்காக 2014-ல் அமெரிக்க அரசின் மருந்துத் துறை அந்தக் கம்பெனிகளை எச்சரித்தது. வெறும் கறைக்காக மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுப்பது எனக்குச் சரியாகவே படவில்லை.

இதெல்லாம் வீட்டில் வளர்த்து, ஊசி போட்ட நாய்க்குத்தான். தெரு நாயின் முகத்தில் கை வைக்கப் போகாதீர்கள். கடித்தாலோ கீறினாலோ 15 நிமிஷம் சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகணும்.

ஒரு கண்ணில் மட்டும் திடீரென்று தண்ணீர், மஞ்சள் அல்லது பச்சைப் பீளை, கண்ணைத் திறக்க முடியாமல் இடுக்குவது, கருவிழி நீலம் பாய்ந்தது போலத் தெரிவது, இவை வெறும் கறை அல்ல. அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். பூனைக்குட்டிகளுக்குத் தும்மலோடு கண் ஒட்டிக்கொண்டால் அது பெரும்பாலும் வைரஸ் சளி. ஒன்றுக்கு வந்தால் கூட இருக்கிற எல்லாவற்றுக்கும் பரவும். காய்ச்சல் என்று பாரசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். டாக்டரிடம் காட்டுகிற வரைக்கும் ஒட்டிய இமையை ஈரத் துணியால் ஊறவைத்து மெதுவாகத் துடைத்துவிடலாம். மூக்கு அடைத்த பூனைக்கு வாசனை தெரியாது, வாசனை தெரியாவிட்டால் சாப்பிடாது. மீன் சோற்றை லேசாகச் சூடாக்கி வைத்தால் வாசனை தூக்கலாக வரும், கொஞ்சமாவது நக்கும்.