பார்வை மங்கிய பெரியோரின் மனத்துயர்

தறியில் அறுந்த இழையைத் தேடிப் பிணைக்கப் பேரனை அழைக்கும் நாள், உறையூர் நெசவாளர் பலரது வாழ்வில் வந்துவிடுகிறது. ஸ்ரீரங்கத்து வாழைத் தோட்டக்காரரோ ஒருநாள் வாய்க்கால் வரப்பில் கால் இடறி விழுந்து, மறுநாள் முதல் வீட்டோடு தங்கிவிடுகிறார். அதன்பின் பேச்சுக் குறைகிறது. சிறு சொல்லுக்கும் சினம் மூளுகிறது. “வயதாகிவிட்டது” என்று வீட்டார் அமைதி கொள்கின்றனர். அது வயதின் குணமன்று. பார்வையோடு தொழிலையும் இழந்தவரின் துயரம் என்பதே நம் கருத்து.

முதலிற் கண்ணைக் காட்ட வேண்டும். கண்புரையாயின் அறுவைச் சிகிச்சையால் பெரும்பாலும் பார்வை மீளும். திருச்சிராப்பள்ளியில் ஜோசப் கண் மருத்துவமனை 1934இல் தொடங்கப்பெற்றது. ஆதலின் நம்மவர் நெடுந்தொலைவு அலைய வேண்டியதில்லை. கண்ணழுத்த நோயிற் போன பார்வை மீளாது, எஞ்சியதைக் காக்கலாம். விழித்திரையின் நடுப்பகுதி தேய்வது மற்றொரு வகை. இதில் நேரே நிற்பவர் முகம் தெரியாது. ஓரத்திற் கிடக்கும் செம்பு தெரியும். “செம்பைக் கண்டு விலகுகிறார், மருமகளைத் தெரியவில்லையாம்” என்று ஏளனம் செய்யும் வீடுகள் உண்டு. முதியவர் நடிக்கவில்லை, அந்நோயின் இயல்பே அதுதான்.

இனிச் சொல்லப்போவது பலர் வெளியே சொல்ல அஞ்சும் செய்தி. பார்வை மிகக் குன்றியவர் சிலருக்கு இல்லாத உருவங்கள் தோன்றும். முற்றத்தில் குழந்தைகள் நிற்பர். சுவரிற் பூவேலை படரும். ஓசை மட்டும் இராது. கண்ணிலிருந்து வரும் செய்தி குறையவே, மூளை தானே சித்திரம் தீட்டிக்கொள்கிறது. ஜெனீவா நகரத்து அறிஞர் சார்ல் பொன்னே, தொண்ணூறை நெருங்கிய தம் பாட்டனார் இவ்வாறு மனிதரையும் பறவைகளையும் வண்டிகளையும் கண்டதை 1760இல் எழுதிவைத்தார். பாட்டனாரின் அறிவு தெளிவாகவே இருந்தது. ஆயினும், பைத்தியம் என்பார்களோ என்று அஞ்சி இன்றும் பெரியோர் வாய் திறப்பதில்லை. திறந்தாலோ வீட்டார் வேப்பிலைக்கும் மந்திரிப்புக்கும் ஓடுகின்றனர். வைத்தியரிடமே சொல்ல வேண்டும். வேறு நோய்களாலும் இத்தோற்றம் வரலாமாதலின் அவர் ஆராய்ந்து கூறுவார். காரணம் இன்னதென்று கேட்ட அளவிலேயே பலருக்குப் பாதி அச்சம் நீங்கிவிடும்.

வீட்டார் செய்யத்தக்கவை செலவில்லாதவை. அருகே வரும்போது இன்னார் எனக் குரல் கொடுத்து வருக. பொருள்களை இடம் மாற்றற்க. கையிலுள்ள வேலையைப் பறியாதீர். நூலின் முறுக்கை விரலால் அறிபவர் தார் சுற்றலாம், வாழைநார் கிழித்துத் தரலாம், பூத் தொடுக்கலாம். சங்கக் கூட்டத்திற்கும் அவரைக் கைபிடித்து அழைத்து வாருங்கள். கணக்கை உரக்கப் படித்தால், நூல் விலையைப் பற்றி நம்மினும் கூர்மையாக அவர் கேள்வி கேட்பார்.