ஸ்கேனர் காட்டும் குறியீடு பாதி, கணக்கு மீதி

திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு அடிக்கும் பெட்ரோல் மினி வேன் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: டேஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது, ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு ஸ்கேனர் விற்கிறார்கள், அதை வாங்கினால் ஒர்க்‌ஷாப்புக்குப் போகாமல் நானே பழுது பார்த்துக்கொள்ளலாமா? ராத்திரி முழுக்கச் சரக்கு இறங்கி ஏறும் மார்க்கெட்டில் வண்டி ஒரு ராத்திரி நின்றால் ஒரு நாள் வாடகை போய்விடும் என்பதால் இது வயிற்றுப்பாட்டுக் கேள்வி. வாங்கலாம் என்பதே பதில். ஆனால் விளம்பரம் சொல்லும் காரணத்தை நம்பி வாங்கக் கூடாது. செருகினால் பழுதைச் சொல்லிவிடும் என்கிறது விளம்பரம். எந்த ஸ்கேனரும் பழுதைக் கண்டுபிடிப்பதில்லை. என்ஜினை நடத்தும் கணினி தன் வேலைக்காக எழுதிவைக்கும் கணக்கை எடுத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். அந்தக் கணக்கைப் படிக்கத் தெரிந்தவருக்கு மலிவான கருவியே போதும். தெரியாதவருக்கு லட்ச ரூபாய்க் கருவியும் உதவாது.

வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஸ்கேனரைச் செருகும், ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் கொண்ட பிளக் வண்டிக்காரரின் வசதிக்காக வந்ததில்லை; காற்று மாசுக்காக வந்தது. புகைமூட்டத்தில் திணறிய கலிபோர்னியா, மாசுக் கட்டுப்பாட்டுப் பாகம் கெட்டால் வண்டியே அதைச் சொல்ல வேண்டும் என்று முதலில் சட்டம் போட்டது. 1996 முதல் அமெரிக்கா முழுக்க எல்லாக் கார்களுக்கும் ஒரே பிளக், ஒரே குறியீட்டு முறை கட்டாயமானது. இந்தியாவில் பிஎஸ்-4 மாசு விதிகளோடு 2010 ஏப்ரலில், வண்டியே தன் குறையைச் சொல்லும் இந்த ஓபிடி ஏற்பாட்டின் முதல் நிலையும், 2013 ஏப்ரலில் இரண்டாம் நிலையும் வந்தன. 2020இல் பிஎஸ்-6 வந்தபோதும் 2023 ஏப்ரலிலும் விதிகள் மேலும் இறுகின. வாங்குபவர் இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. 2010க்கு முந்தைய வண்டிகள் பலவற்றில் பிளக் இருந்தாலும் அது பொதுக் கருவிக்குப் பதில் சொல்லாது. பிந்தைய வண்டிகளிலும் சட்டம் திறந்துவைத்திருப்பது புகை சம்பந்தப்பட்ட கணக்கை மட்டும்தான். ஏபிஎஸ் பிரேக், ஏர்பேக் போன்றவற்றின் கணக்கு அந்தந்தக் கம்பெனியின் மொழியில் இருக்கிறது.

குறியீடு எவ்வளவு சொல்கிறது, எங்கே நிறுத்திவிடுகிறது என்பதை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். பெட்ரோல் வண்டிகளில் அடிக்கடி வரும் குறியீடுகளில் ஒன்று பி0171. கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்பது அதன் பொருள். ஏன் என்று அது சொல்வதில்லை. காற்றுக் குழாயில் விரிசல் இருக்கலாம், ஃபியூவல் பம்ப் தளர்ந்திருக்கலாம், இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம், காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்குப் படிந்திருக்கலாம், ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயிலேயே ஓட்டை விழுந்து வெளிக்காற்று கலந்திருக்கலாம். இவற்றுள் சில ஐம்பது ரூபாய் ரப்பர் ஓஸோடு முடியும், சில ஆயிரக்கணக்கில் இழுக்கும். குறியீட்டை மட்டும் பார்ப்பவர் பெரும்பாலும் ஆக்ஸிஜன் சென்சாரைத்தான் மாற்றுகிறார். குறை சொன்னது அது என்பதால் குறையே அதுதான் என்று எடுத்துக்கொள்கிறார். புது சென்சாரும் அதே குறையைச் சொல்லும்.

அந்த சென்சார் வேலை செய்யும் விதத்தில்தான் இந்த விஷயத்தின் அழகெல்லாம் இருக்கிறது. சைலன்சருக்குப் போகும் குழாயில் விரல் அளவில் செருகியிருக்கும் அதன் உள்ளே சிர்கோனியா என்ற பீங்கான் இருக்கிறது. ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை. சுமார் 300 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடானதும் ஆக்ஸிஜன் அயனிகள் அந்தப் பீங்கானுக்குள் நகரத் தொடங்குகின்றன. இரு பக்கத்து ஆக்ஸிஜன் வித்தியாசம் மின்னழுத்தமாக வெளிவருகிறது. புகையில் ஆக்ஸிஜன் மிஞ்சினால் 0.1 வோல்ட் அளவில் நிற்கும். பெட்ரோல் மிஞ்சினால் 0.8, 0.9 வோல்ட்டுக்குத் தாவும். சரியான கலவைக்கு அருகே இந்தத் தாவல் மிகச் செங்குத்தானது. அதனால் எவ்வளவு அதிகம், எவ்வளவு குறைவு என்று அந்த சென்சாரால் சொல்ல முடியாது. அதிகம், குறைவு என்ற இரண்டு பதில்தான் அதற்குத் தெரியும். புதிய வண்டிகள் சிலவற்றில் அளவையும் சொல்லும் சென்சார் வந்துவிட்டது. ஆனால் ரோட்டில் ஓடும் பெரும்பாலான பெட்ரோல் வண்டிகள் இந்த இரண்டு பதிலை வைத்தே காலம் தள்ளுகின்றன.

இரண்டே பதிலிலிருந்து சதவீதக் கணக்கு எப்படி வரும்? சமையற்கட்டில் பார்த்தால் புரியும். சாம்பாரை ருசி பார்ப்பவருக்கு உப்பு கூட, உப்பு குறைவு என்று மட்டும்தான் சொல்லத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். குறைவு என்றால் சமையல்காரர் ஒரு சிட்டிகை கூட்டுகிறார். கூட என்று சொல்லும்வரை கூட்டி, பிறகு குறைவு என்று சொல்லும்வரை குறைக்கிறார். இப்படியே இரண்டு பக்கமும் ஊசலாடிக்கொண்டிருந்தால், குறிப்பில் எழுதிய அளவைவிட எத்தனை சிட்டிகை கூடப் போடுகிறோம் என்பது அவருக்கே கணக்காகத் தெரிந்துவிடும். அந்தந்த நொடியில் போடும் சிட்டிகை, கருவியில் ‘ஷார்ட் டேர்ம் ஃபியூவல் ட்ரிம்’ என்று வரும். தினமும் இவ்வளவு கூடத் தேவைப்படுகிறது என்று குறிப்பின் ஓரத்தில் எழுதிவைக்கும் திருத்தம் ‘லாங் டேர்ம் ஃபியூவல் ட்ரிம்’. ஸ்ரீரங்கத்து மடைப்பள்ளியில் நைவேத்தியத்துக்கு முன் யாரும் ருசி பார்ப்பதில்லை, அளவும் கைப்பழக்கமும்தான். காலையில் ஸ்டார்ட் செய்த குளிர்ந்த என்ஜினும் அப்படித்தான் ஓடுகிறது. சென்சார் சூடேறும்வரை ருசி பார்க்க ஆளில்லை; எழுதிவைத்த அளவுதான் நடக்கும். அதனால் என்ஜின் நன்றாகச் சூடான பிறகு பார்க்கும் ட்ரிம் எண்தான் நம்பத்தக்கது.

இப்போது பழுதைத் தேடலாம். சூடான என்ஜினை ஐடிலில் விட்டுப் பார்க்கிறோம்: லாங் டேர்ம் கூட்டல் 18, ஷார்ட் டேர்ம் கூட்டல் 3, மொத்தம் 21 சதவீதம் பெட்ரோல் கூடப் போகிறது. ஆக்சிலேட்டரை மிதித்து 2,500 ஆர்பிஎம்மில் நிறுத்திப் பிடித்தால் மொத்தம் 5 சதவீதத்துக்கு இறங்குகிறது. சாம்பார்க் கணக்கில் உப்பு பெட்ரோல், தண்ணீர் காற்று என்று கொண்டால், அளந்து ஊற்றிய தண்ணீர் போக யாரோ ஒரு செம்பு தண்ணீரைக் கூடுதலாக ஊற்றுகிறார்கள் என்பதற்கு இது அடையாளம். சின்னச் சட்டியில் ஒரு செம்பு தண்ணீர் சாம்பாரையே கெடுக்கும்; கல்யாண அண்டாவில் அது தெரியாது. ஐடிலில் என்ஜின் இழுக்கும் காற்று கொஞ்சம், ஆகவே விரிசல் வழியே வரும் காற்று பெரிதாகத் தெரிகிறது; வேகத்தில் இழுக்கும் காற்று ஏராளம், ஆகவே அது அமுங்கிப்போகிறது. காற்றுக் குழாய்களையும் கேஸ்கட்டையும் பார்க்க வேண்டும் என்பது முடிவு. இதற்கு நேர்மாறாக, ஐடிலில் ட்ரிம் சரியாக இருந்து லோடு ஏற ஏற எண் ஏறினால் உப்பு டப்பாவின் வாய் அடைத்திருக்கிறது என்று பொருள்: சட்டிக்குப் போதும், அண்டாவுக்கு ஈடு கொடுக்காது. பம்ப்பையும் ஃபில்டரையும் இன்ஜெக்டரையும் பார்க்க வேண்டும். குறியீடு இரண்டுக்கும் பி0171தான். பிரித்துக் காட்டியது ட்ரிம் எண்.

விவரம் தெரிந்தவர்கள் இங்கே ஒரு மறுப்புச் சொல்வார்கள், அது சரியான மறுப்பு. மேலே சொன்ன காற்று லீக் கணக்கு, உள்ளே வரும் காற்றை நேரடியாக அளக்கும் சென்சார் உள்ள என்ஜின்களுக்குத்தான் பொருந்தும். நம் ஊர்ச் சின்னக் கார்கள் பலவற்றில் அந்த சென்சார் இல்லை. உறிஞ்சு குழாயின் அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்கிடுகிறார்கள். சட்டியில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்து உப்புப் போடும் முறை இது. கள்ளத்தனமாக வந்த தண்ணீரும் கணக்கில் சேர்ந்துவிடுவதால் ருசி கெடாது. கேட்டதைவிடச் சாம்பார் அதிகமாகிவிடும். ட்ரிம் பெரிதாக மாறாது, ஆனால் ஐடில் வேகமும் குழாய் அழுத்தமும் ஏறி நிற்கும். ஆகவே தன் வண்டியில் எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் எண்ணைப் படிக்கக் கூடாது. நேரடி எண்களின் பட்டியலில் காற்றளவு வருகிறதா, குழாய் அழுத்தம் வருகிறதா என்று பார்த்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

2025இல் பெரிய சண்டையான எத்தனால் 20 சதவீதப் பெட்ரோல் விஷயத்திலும் இந்த எண்கள் தெளிவு தருகின்றன. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீதக் கலவைக்குச் சுமார் 13.5 கிலோ. 10 சதவீதக் கலவைக்குப் பழகிய என்ஜின் 20க்கு மாறும்போது அதே காற்றுக்குச் சுமார் 4 சதவீதம் கூடுதல் எரிபொருள் தேவைப்படும் என்று இந்தக் கணக்கே சொல்கிறது. லாங் டேர்ம் ட்ரிம் எல்லா வேகத்திலும் ஒரே சீராக நாலைந்து சதவீதம் ஏறினால் கணினி தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். பயந்து எந்தப் பாகத்தையும் மாற்ற வேண்டாம். ரப்பர், சீல் போன்றவற்றுக்கு எத்தனால் என்ன செய்கிறது என்பதை இந்த எண் காட்டாது. அது வேறு கேள்வி.

எதை வாங்குவது என்பதற்கு அளவுகோல் இப்போது கைக்கு வந்துவிட்டது. இரண்டு ட்ரிம்மையும் ஓடும்போதே காட்ட வேண்டும். விளக்கு எரிந்த கணத்தில் வேகம், சூடு, லோடு என்னவாக இருந்தன என்ற பதிவைக் காட்ட வேண்டும். இன்னும் விளக்கேற்றாத, சந்தேகத்தில் இருக்கும் குறியீடுகளையும் காட்ட வேண்டும். போனோடு சேர்ந்து இயங்கும் சின்ன ப்ளூடூத் கருவிகளே இதைச் செய்துவிடும். ஐபோன் வைத்திருப்பவர்கள் மட்டும் அதற்கு ஏற்ற வகையைக் கேட்டு வாங்க வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய ஈஎல்எம்327 சிப்பின் நகல்கள். 1.5 என்ற பதிப்பை அந்தக் கம்பெனி வெளியிட்டதே இல்லை. ஆனால் கடைகளில் 1.5 என்று அச்சிட்டவைதான் குவிந்திருக்கின்றன. நகலிலும் ட்ரிம் எண் வரும், மெதுவாக வரும். திருப்பித் தர வசதியுள்ள இடத்தில் வாங்கினால் போதும். ஆயிரக்கணக்கான குறியீடுகள் தெரியும் என்று பெட்டியில் போட்டிருப்பதற்கு விலை கொடுக்காதீர்கள். குறியீட்டின் பொருளை எவரும் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். அதே பிளக்கில் செருகினால் மைலேஜ் கூடும் என்று விற்கும் பொருள்கள் மோசடி. பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே கண்டது மினுக்கும் விளக்குகளை. வண்டியோடு பேசும் பாகமே அவற்றில் இல்லை.

காதால் கேட்டே பழுதைச் சொல்லும் அனுபவசாலி மெக்கானிக் இருக்கும்போது இது எதற்கு என்பார்கள். அந்தக் காதின் அருமையை மறுக்க முடியாது. மிஸ்ஸிங்கையும் பேரிங் சத்தத்தையும் அது முதலில் பிடிக்கும். ஆனால் ட்ரிம் செய்வதே குறையை மறைக்கும் வேலை. 15 சதவீதக் குறையைக் கணினி ஈடுகட்டிக்கொண்டிருக்கும்போது என்ஜின் ஒழுங்காக ஓடும், சத்தம் மாறாது, இழுவை குறையாது. திருத்தம் பெரும்பாலும் 20, 25 சதவீதத்தைத் தொடும்போதுதான் விளக்கே எரியும். அதுவரை அந்தப் பழுதின் தடயம் எண்ணில் மட்டுமே இருக்கிறது; எத்தனை தேர்ந்த காதானாலும் அதைக் கேட்க முடியாது. அரைகுறையாகத் தெரிந்தவர் கையில் கருவி ஆபத்து என்பது இன்னொரு மறுப்பு. இதில் உண்மை இருக்கிறது. பெரிய ஆபத்து ‘க்ளியர்’ பட்டன். அதை அழுத்தினால் விளக்கு அணையும், விளக்கெரிந்த கணத்தின் பதிவும் அழியும், பல வண்டிகளில் ட்ரிம் நினைவும் சேர்ந்து போகும். பழுது மட்டும் அப்படியே இருக்கும். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துவைக்காமல் அந்தப் பட்டனைத் தொடவே கூடாது. விளக்கு நிலையாக எரியாமல் மினுக்கினால் எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டரைச் சுட்டுக்கொண்டிருக்கிறது. ஸ்கேனரைத் தேடாமல் வண்டியை ஓரங்கட்ட வேண்டும். டீசல் வண்டிகளுக்கு இந்த ட்ரிம் கணக்கு பொருந்தாது; அவற்றின் எரிபொருள் குழாயில் அழுத்தம் 1,000 பாருக்கு மேலும் ஏறக்கூடும் என்பதால் வீட்டில் அதைக் கழற்றவும் கூடாது. ஏர்பேக்கிலும் கை வைக்கக் கூடாது.

ஆகவே ஸ்கேனரை விளக்கு எரிந்த பிறகு வாங்குவதைவிட வண்டி நன்றாக ஓடும்போதே வாங்குவதுதான் புத்திசாலித்தனம். சூடான என்ஜினில் ஐடிலுக்கு ஒன்று, 2,500 ஆர்பிஎம்முக்கு ஒன்று என ட்ரிம் எண்களைத் தேதியோடு எழுதிவையுங்கள். மாதம் ஒருமுறை பாருங்கள். எண் ஒரே பக்கமாக நகரத் தொடங்கினால் விளக்கு எரியும் முன்பே அந்தத் தாளோடு மெக்கானிக்கிடம் போகலாம். இன்ன வேகத்தில் இவ்வளவு, இத்தனை மாதத்தில் இவ்வளவு ஏறியிருக்கிறது என்று சொல்கிற வண்டிக்காரரிடம் எந்தப் பாகத்தை மாற்றலாம் என்று பேச்சு தொடங்காது. எதைச் சோதிக்கலாம் என்றுதான் தொடங்கும். தேவையில்லாமல் மாற்றாத ஒரு சென்சாரின் விலையிலேயே கருவியின் காசு திரும்பிவிடும்.