நாம் ஊற்றுவது எங்கே போகிறது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் விடுதியின் பின்புறம் சென்று பாருங்கள். ஒரு பக்கம் துணி துவைப்போர். மறு பக்கம் மோட்டார் சைக்கிள் கழுவுவோர். சென்ற மாதம் நண்பர் ஒருவர் தம் வண்டியின் பழைய எஞ்சின் ஆயிலை இறக்கி, அப்படியே சாலையோர வடிகாலில் ஊற்றினார். “மழை வந்தால் அடித்துக்கொண்டு போய்விடும்” என்றார். அருகில் நின்ற நானும் வாய் திறக்கவில்லை. அது எங்கே போகிறது என்பதைப் பின்னரே அறிந்தேன். அறிந்தபின் வாளா இருக்க மனம் ஒப்பவில்லை.

பெங்களூர் ஒரு மேட்டின்மேல் அமைந்த நகரம். மேற்கே வடியும் நீர் விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரியில் கலக்கிறது. தென்கிழக்கே வடிவது பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையை அடைகிறது. காவிரி செல்வது மேட்டூருக்கு. தென்பெண்ணையோ ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக்கும், பின்பு கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளுக்கும் சென்று, கடலூர் அருகே கடலில் சேர்கிறது. நாம் எப்பக்கம் ஊற்றினாலும் அது நம் ஊரை நோக்கியன்றோ செல்கிறது!

துணி துவைக்கும் தூளில் உள்ள பொருளின் ஒரு முனை நீரைப் பற்றும். மறுமுனை அழுக்கைப் பற்றும். அழுக்கு நீங்குவது இதனால்தான். இதே பொருள் சுத்திகரிக்கப்படாமல் ஏரிக்குச் சென்று, மதகில் நீர் விழும்போது காற்றோடு கலந்தால் நுரையாகிறது. பெல்லந்தூரில் அந்த நுரை சாலை வரை பறந்தது. கெலவரப்பள்ளியில் நீர் திறந்துவிடும்போது வெண்ணுரை பொங்குவதை ஓசூர் மக்கள் பலமுறை கண்டுள்ளனர். தூளில் பாஸ்பேட் இருந்தால் அது பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் உரமாகிறது. அவை செழித்து, மடிந்து, அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு குறைகிறது, மீன்கள் சாகின்றன. 2015, 2017, 2018 ஆம் ஆண்டுகளில் பெல்லந்தூர் ஏரியில் தீயும் பற்றியது. நெருப்பை அணைக்கவேண்டிய இடமே எரிந்த கொடுமையை என்னென்பது!

எஞ்சின் ஆயிலின் கேடு இன்னும் பெரிது. அது நீரின்மேல் மெல்லிய படலமாய்ப் பரந்து, காற்று நீருக்குள் புகாமல் தடுக்கிறது. எஞ்சின் தேய்வதால் உண்டாகும் உலோகத் துகள்களும் அதில் உள்ளன. ஒரு காரில் ஒரு முறை மாற்றும் ஆயில் 10 லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்க வல்லது என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. மேலும், சாலையோர மழைநீர் வடிகால் சுத்திகரிப்பு நிலையத்திற்குச் செல்வதன்று. இவ்வூரார் ராஜகாலுவே என்றழைக்கும் பெருங்கால்வாய் வழியே நேரே ஏரிக்குச் செல்வது.

அவ்வாறாயின் நாம் செய்யத்தக்கது யாது? பழைய ஆயிலை மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் பட்டறையில் கொடுக்கலாம். பழைய ஆயில் தீங்குதரும் கழிவு என்று 2016 ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. ஆயினும் முறைப்படி சுத்திகரித்தால் அது மீண்டும் பயன்படும். அதில் தண்ணீரோ பெட்ரோலோ கலக்கலாகாது. தரையில் ஆயில் சிந்தினால் நீரூற்றிக் கழுவாமல், மரத்தூளைத் தூவி ஒற்றி எடுக்கவேண்டும். துணிக்குப் பொட்டலத்தில் குறித்த அளவுக்கு மேல் தூள் போடவேண்டா; நுரை மிகுந்தால் வெண்மை மிகாது. சமைத்து மிஞ்சிய எண்ணெய், பெயிண்டு, பாட்டரித் திராவகம் ஆகியவற்றைத் தொட்டியில் ஊற்றாதீர்.

ஆலைகளும் நகராட்சியும் செய்யவேண்டியவை மிகப் பல. அவற்றைக் கேட்பதும் நம் கடமையே. ஆனால் கேட்கும் கை தூய்மையாய் இருக்கவேண்டும். காவிரி நீர் நூறு கிலோமீட்டர் ஏறி வந்து நம் தாகம் தணிக்கிறது. நாம் திருப்பி அனுப்புவது என்ன? விடுமுறைக்கு ஊர் செல்லும் நமக்கு முன்பே நாம் ஊற்றிய நீர் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். அது நம் பெயரைக் கெடுக்காதிருக்கட்டும். விடுதியின் பின்புறத்தில் ஆயில் சேர்க்க ஒரு டப்பா வைத்துள்ளேன். அதில் முதலில் ஊற்றியவர் அந்த நண்பரே!